வலிக்கும் இடம் ஒன்று, பழுதான இடம் வேறு: கபால நரம்புகளும் தண்டுவட நரம்புகளும்

[திரையில்: சுவரைப் பிடித்தபடி நிற்கும் ஒருவரின் பாதங்கள், அருகிலிருந்து]

பக்கத்தில் சுவரோ மேசையோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். முன்பாதத்தைத் தூக்கி, குதிகாலில் மட்டும் நான்கு அடி நடந்து பாருங்கள். அடுத்து, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நான்கு அடி. இரண்டு கால்களும் ஒரே மாதிரி ஒத்துழைக்கின்றனவா?

முதுகுவலி, கால் குடைச்சல் என்று போகிறவரை மருத்துவர் இப்படித்தான் நடக்கச் சொல்வார். குதிகால் நடையில் ஒரு பாதம் தொங்கினால் அவருடைய கவனம் இடுப்புக்குப் போகும். பெருவிரலை மேலே தூக்கும் தசைக்கு முக்கியமாக உத்தரவு கொண்டுவருவது இடுப்புப் பகுதியின் ஐந்தாவது தண்டுவட நரம்பு. மருத்துவர்கள் அதை எல்5 என்பார்கள். நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அடுத்து வரும் எஸ்1 மேல் சந்தேகம் விழும். முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தினாலும் பாதம் தொங்கலாம் என்பதால், எது என்று பிரித்தறிய வேறு சோதனைகளும் செய்வார். பாதத்தில் ஒரு குறையும் இருக்காது. பல நேரங்களில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருக்கும்.

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் கபால நரம்புகள் 12 இணை, தண்டுவடத்திலிருந்து புறப்படும் தண்டுவட நரம்புகள் 31 இணை. பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இதைக் கடந்து வந்திருப்போம். அந்த 43 இணைகளில் ஒவ்வொன்றும் உடம்பில் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்தால்தான், வலி ஓரிடத்தில் இருக்க, பழுது எங்கே என்று தேட முடியும். இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: தண்டுவடத்தின் குறுக்குவெட்டு, முன்வேரும் பின்வேரும்]

தண்டுவடத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர்கள். பின்வேர் வழியாகத் தொடுதல், சூடு, வலி எல்லாம் உள்ளே வருகின்றன. முன்வேர் வழியாகத் தசைக்கான உத்தரவு வெளியே போகிறது. இந்தப் பிரிவினையை நோக்கி முதலில் நகர்ந்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல், 1811இல். அதைத் தெளிவாக நிரூபித்தவர் 1822இல் பிரான்சின் உடலியல் ஆய்வாளர் மஜெண்டி. மஜெண்டியின் சோதனைகள் நாய்க்குட்டிகள் மேல் நடந்தவை. அந்தக் கொடுமையை அந்தக் காலத்திலேயே பலர் கண்டித்தார்கள். இன்று ஒரு மருத்துவர் "மரத்துப் போகிறதா, பலம் குறைந்திருக்கிறதா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதற்கு அடிப்படை இந்த அறிவுதான்.

இரண்டு வேர்களும் சேர்ந்து ஒரே நரம்பாகி, முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள துளை வழியாக வெளியேறும். கழுத்தில் 8 இணை, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்பில் 5, வால் எலும்பில் 1. கழுத்தில் எலும்பு ஏழுதானே, நரம்பு எப்படி எட்டு என்று மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள். முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. எட்டாவது, ஏழாவது எலும்புக்குக் கீழே வருகிறது. அவ்வளவுதான் கணக்கு.

பெரியவர்களின் தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. இடுப்பின் முதலாம், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். குழந்தை வளரும்போது தண்டுவடத்தைவிட முதுகெலும்பு வேகமாக நீள்வதால் இப்படி ஆகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்கும். பார்க்கக் குதிரை வால் போல இருப்பதால் அந்தப் பெயரிலேயே மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

சிசேரியனுக்கு முன் முதுகில் போடும் ஊசியை நினைத்துப் பல பெண்கள் நடுங்குகிறார்கள். தண்டுவடத்தையே குத்திவிடுவார்களோ என்ற பயம். அந்த ஊசி போவது வழக்கமாக மூன்றாம், நான்காம் இடுப்பு எலும்புகளுக்கு நடுவே, அல்லது அதற்கும் ஒரு படி கீழே. அந்த இடத்தில் தண்டுவடமே இல்லை. திரவத்தில் மிதக்கும் வேர்கள் பெரும்பாலும் ஊசி முனைக்கு விலகிக்கொள்ளும். ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வருவது உண்மை. அதைச் சொன்னால் மருத்துவமனையில் சிகிச்சை தருவார்கள். இதைப் பிரசவத்துக்கு முன்பே எல்லாத் தாய்மாருக்கும் படம் போட்டு விளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கற்றை மொத்தமாக அழுந்தினால் நிலைமை வேறு. முதுகுவலியோடு, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்படாமல் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் தைலம் தேய்த்துக் காலை வரை காத்திருக்காதீர்கள். அன்றே, அப்போதே மருத்துவமனை. தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம்.

[திரையில்: மனித உருவம், தோலின் மேல் வண்ணப் பட்டைகள்]

இப்போது தோலுக்கு வருவோம். ஏறக்குறைய ஒவ்வொரு தண்டுவட நரம்பும் தோலில் ஒரு பட்டையைப் பார்த்துக்கொள்கிறது. சி என்றால் கழுத்து நரம்பு, டி என்றால் மார்பு நரம்பு. கட்டைவிரல் சி6. நடுவிரல் சி7. சுண்டுவிரல் சி8. மார்புக்காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஆளுக்கு ஆள் சிறிது மாறும்.

இந்தப் பட்டையை வெறும் கண்ணால் பார்க்க ஒரு நோய் இருக்கிறது. நம் ஊரில் அக்கி என்போம். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. பின்வேரின் முடிச்சில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். அதனால்தான் கொப்புளங்கள் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, நடுக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. 1900இல் ஹென்றி ஹெட், கேம்பெல் என்ற இரண்டு மருத்துவர்கள் தோல் வரைபடம் தயாரித்தது இந்த நோயாளிகளின் கொப்புளங்களைப் பார்த்துத்தான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மண்பாண்டம் செய்பவர்களிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எழுதிக்கொள்வது மனதுக்கு ஆறுதல் தரும், அதில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கொப்புளம் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

உள்ளுறுப்புகளின் வலியும் இந்த வரைபடத்தில்தான் வந்து விழுகிறது. மாரடைப்பு வலி இடது கையின் உட்பக்கம் இறங்குவது ஏன்? இதயத்திலிருந்து வரும் வலிச்செய்தி நுழையும் தண்டுவடப் பகுதியிலேயே அந்தத் தோலின் செய்தியும் நுழைகிறது. மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கான நரம்பு சி3, சி4, சி5இலிருந்து புறப்படுகிறது. ஆகவே உதரவிதானத்தின் அடியில் ஓர் எரிச்சல் என்றால் தோள்பட்டையில் வலிக்கும். மூச்சுக்கான நரம்பு கழுத்திலிருந்து வருவதால்தான், கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் அறுந்தவருக்கு மூச்சே நின்றுவிடுகிறது. விபத்தில் விழுந்தவரைத் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகவே.

[திரையில்: மூளையின் அடிப்பகுதி, 12 இணைகள்]

கபால நரம்புகளில் தண்டுவட நரம்புகளின் ஒழுங்கு கிடையாது. 12 இணை என்ற இன்றைய கணக்கே ஜெர்மனியின் உடற்கூறியலாளர் சோமரிங் 1778இல் வகுத்தது. பழைய ரோமானியக் காலத்து மருத்துவர் கேலன் ஏழு இணை என்றுதான் எண்ணினார். மணம், பார்வை, செவி ஆகிய மூன்றும் செய்தியை உள்ளே மட்டும் கொண்டுவருபவை. கண்ணை அசைக்க மூன்று நரம்புகள். தலையில் அடிபட்டவரின் கண்ணில் செவிலியர் மணிக்கொரு முறை டார்ச் அடிப்பது மூன்றாவது நரம்புக்காக: உள்ளே இரத்தம் கட்டி மூளை அதன்மேல் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்துபோகும்.

ஏழாவது, முக நரம்பு. ஒரு நாள் காலையில் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது, தண்ணீர் ஒழுகுகிறது. இது முக நரம்பின் வாதமா, மூளையில் வந்த பக்கவாதமா? மருத்துவர் நெற்றியைச் சுருக்கச் சொல்வார். நெற்றிக்கான உத்தரவு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் வருகிறது. வாய்ப்பகுதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும். ஆகவே பெரும்பாலான பக்கவாதத்தில் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். நரம்பே பழுதானால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. இந்த இரண்டாவதற்கு அதே சார்லஸ் பெல்லின் பெயர்தான். சீக்கிரம் ஸ்டீராய்டு தொடங்கி, மூடாத கண்ணைக் காய்ந்துபோகாமல் பாதுகாத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. வீட்டில் நெற்றியைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். முகம் திடீரென்று கோணினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

கடைசியாகப் பத்தாவது நரம்பு, வேகஸ். கபால நரம்புகளில் மிக நீளமானது. தலையிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. குரல்வளைக்குப் போகும் இதன் இடது கிளை நேராகப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. கருவில் இதயம் கழுத்தருகே இருந்தபோது இரத்தக்குழாய்க்குக் கீழே ஓடிய நரம்பு அது. இதயம் மார்புக்கு இறங்கியபோது கூடவே இழுபட்டது. அதனால் நுரையீரலில் ஒரு கட்டியோ, பெருந்தமனியில் ஒரு வீக்கமோ வந்தால் முதலில் கெடுவது சில நேரம் குரலாக இருக்கும். சளி இல்லை, கத்தவும் இல்லை, ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப்போயிருக்கிறது என்று போனால், காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமராவில் குரல்நாணைப் பார்ப்பார். இடது நாண் அசையாமல் நின்றால், தொண்டைக்கு மருந்து எழுதுவதற்கு முன் மார்பைப் படம் எடுத்து வரச் சொல்வார்.