தங்கம் என்று கையைத் தூக்கினார், கிடைத்ததோ வெள்ளி! | அனமீக் வான் ஃப்ளூட்டன் கதை

[திரையில்: பந்தயக் கோடு. இரண்டு கைகளையும் விரித்தபடி வரும் சைக்கிள் வீராங்கனை.]

வணக்கம் மக்களே. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக், பெண்களுக்கான சாலை சைக்கிள் பந்தயம். நெதர்லாந்தின் அனமீக் வான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டும்போதே கைகளைத் தூக்கிக் கொண்டாடுகிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. தங்கம் வென்றாயிற்று!

ஒரே ஒரு சிக்கல். உண்மையில் தங்கம் வென்றவர் 75 வினாடிகளுக்கு முன்பே வந்து சேர்ந்து, தரையில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த கிளிப்பைப் பார்த்து உலகமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் நடந்தது என்ன என்று தேடிப் படித்த பிறகு, அந்த ஒரு நிமிடத்தை வைத்து இவரை எடைபோடுவது அநியாயம் என்று தோன்றியது. ஏன் என்று பார்த்துவிடலாம்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிறந்தது 1982. முதலில் ஆடியது கால்பந்து. முழங்கால் ஒத்துழைக்காததால் சைக்கிளுக்கு வந்தார். இடையில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு. மற்ற வீராங்கனைகள் பள்ளிக்கூட வயதிலேயே ரேஸ் ஓட்டத் தொடங்கிவிட, இவர் தொழில்முறைப் பந்தயத்துக்குள் நுழைந்ததே இருபதுகளின் நடுவில்தான். சரி, டோக்கியோவுக்கு வருவோம்.

[திரையில்: டோக்கியோ பந்தய வரைபடம்]

137 கிலோமீட்டர் பந்தயம். கொடி அசைத்ததுமே ஐந்து பேர் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார்கள். அதில் ஒருவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், சுவிட்சர்லாந்தில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் அவர் இல்லை. பெரிய பெயர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. வழக்கமாக இப்படி ஓடுகிறவர்கள் களைத்துப்போய்க் கடைசியில் பிடிபடுவார்கள். இடைவெளி பத்து நிமிடம் வரை போனது. அப்போதும் பின்னால் பெரிதாகப் பதற்றம் இல்லை.

ஏன் யாரும் துரத்தவில்லை? இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சைக்கிளில் வேகமாகப் போகும்போது முக்கிய எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, நீங்கள் அவர் பின்சக்கரத்தை ஒட்டியே போனால், மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம். அப்படியென்றால் துரத்துகிற வேலையை யார் செய்கிறார்களோ, அவர்கள் மற்ற எல்லோருக்கும் இலவசமாக உழைக்கிறார்கள்! கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று நின்று, கடைசிவரை பந்திக்கு ரசமே வராமல் போகுமே, அதே கதைதான். நெதர்லாந்து அணியில் அனமீக், வான் டெர் பிரெக்கன், வோஸ், வோலரிங் என்று நான்கு பேரும் ஜெயிக்கக்கூடியவர்கள். 'உங்களிடம்தான் ஆள் இருக்கிறதே, நீங்களே துரத்துங்கள்' என்று மற்ற நாடுகள் சும்மா வந்தன.

இதற்கு மேல் இன்னொன்று. வழக்கமான பெரிய பந்தயங்களில் வீராங்கனையின் காதில் ரேடியோ இருக்கும். பின்னால் காரில் வரும் பயிற்சியாளர் 'முன்னால் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்' என்று சொல்லிவிடுவார். ஒலிம்பிக்கில் ரேடியோவுக்கு அனுமதி இல்லை. மோட்டார் பைக்கில் வருகிறவர் பலகையில் எழுதிக் காட்டும் நேர இடைவெளி, அணிக் கார் பக்கம் போனால் கிடைக்கும் தகவல், அவ்வளவுதான். முடிய 40 கிலோமீட்டர் இருக்கும்போது, ஏற்றத்தில் கீசன்ஹோஃபர் தன்னோடு ஓடியவர்களையும் கழற்றிவிட்டுத் தனியாகப் போய்விட்டார். கடைசிக் கிலோமீட்டர்களில் மிச்சம் இருந்த இருவரையும் கூட்டம் பிடித்துவிட்டது. 'அப்பாடா, எல்லோரையும் பிடித்தாயிற்று' என்று முக்கியமான ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அனமீக் கையைத் தூக்கினார்.

கணக்கு டீச்சரை எண்ணிக்கையிலேயே கோட்டைவிட்டார்கள் பாருங்கள்!

[திரையில்: 28 ஜூலை 2021]

மூன்று நாள் கழித்து டைம் ட்ரயல். ஒவ்வொருவராகத் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டி போடுவது. இதில் யாரையும் எண்ண வேண்டியதில்லை. 38 வயது அனமீக், இரண்டாவது வந்தவரை 56 வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். மீம் போட்டவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

விழுந்த கதைகள் தனி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கித் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தவர், மலை இறக்கத்தில் தூக்கி எறியப்பட்டார். அசைவில்லாமல் கிடந்ததைப் பார்த்து, உயிரோடு இருக்கிறாரா என்றே பலர் பயந்தார்கள். முதுகெலும்பில் மூன்று சிறு முறிவுகள். ஏறக்குறைய ஒரே மாதத்தில் திரும்பப் பந்தயத்துக்கு வந்துவிட்டார். 2018 உலகப் போட்டியில் முழங்கால் எலும்பு முறிந்தும் ஓட்டி முடித்து ஏழாவது இடம். 2019இல் யார்க்‌ஷரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக ஓட்டி உலக சாம்பியன். 2020இல் மணிக்கட்டு முறிவு, 2021இல் இடுப்பெலும்பு முறிவு. 2022இல் முதல் டூர் டி ஃபிரான்ஸ் ஃபாம் (பெண்களுக்கான டூர் டி ஃபிரான்ஸ்) பட்டம், அதுவும் தொடக்கத்தில் வயிற்றுக் கோளாறோடு.

[திரையில்: வொல்லொங்கொங், ஆஸ்திரேலியா, செப்டம்பர் 2022]

இதை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும். உலகப் போட்டியில் புதன்கிழமை கலப்பு ரிலே, அதாவது ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக ஓட்டும் பந்தயம். கிளம்பிய சில நொடிகளிலேயே விழுந்தார், முழங்கையில் முறிவு. சனிக்கிழமை சாலைப் பந்தயம். ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் எழுந்து நின்று மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை இழுத்துப் பிடித்தால்தான் அது முடியும். இவருக்குக் கை தாங்காது. 164 கிலோமீட்டரையும் சீட்டில் உட்கார்ந்தபடியேதான் மிதிக்க வேண்டும். அதனால் 'வோஸுக்கு உதவி செய்கிறேன்' என்றுதான் கிளம்பினார்.

கடைசி ஏற்றத்தில் பின்தங்கினார். ஆனால் கடைசிக் கிலோமீட்டரில் முன்னால் போனவர்களோடு இவர் இருந்த கூட்டம் வந்து சேர்ந்துகொண்டது. சேர்ந்த வேகத்தைக் குறைக்காமல், உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் பாய்ந்தார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோக்கியோவில் இவரைக் கவிழ்த்த அதே தயக்கம், இங்கே இவருக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தது. வித்தியாசம் வெறும் ஒரு வினாடி. இன்னும் இரண்டே வாரத்தில் அவருக்கு 40 வயது! கடைசி 800 மீட்டரை யூடியூபில் தேடிப் பாருங்கள், கோட்டைத் தாண்டியதும் அவராலேயே நம்ப முடியவில்லை.

2023இல் ஓய்வு பெற்றார்.

இப்போது காசு விஷயம். அந்த 2022 டூரில் இவருக்கு முதல் பரிசு 50,000 யூரோ. அதே ஆண்டு ஆண்கள் டூரில் 5 லட்சம் யூரோ. 'ஆண்கள் 21 கட்டம் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் பந்தயம்) ஓட்டுகிறார்கள், பெண்கள் எட்டுதானே' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். வகுத்தும் பார்த்துவிட்டேன்: ஆண்களுக்குக் கட்டத்துக்குச் சுமார் 23,800, பெண்களுக்கு 6,250. அப்போதும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதற்கு நியாயம் சொல்ல முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், சண்டை போடலாம். அப்புறம், அந்தக் கணக்கு டீச்சருக்குத் தனி வீடியோ வேண்டுமா என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.