பிசிஓஎஸ்: ஃபாலிக்கிள் பாதியில் நின்றுபோவது ஏன்?

[திரையில்: ஸ்கேன் படம். சினைப்பையின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்.]

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவரின் ஸ்கேன் இது. இந்தப் புள்ளிகளைத்தான் நீர்க்கட்டி என்கிறோம். இவற்றில் ஒன்றுகூடக் கட்டி கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு ஃபாலிக்கிள், அதாவது கருமுட்டையைச் சுமக்கும் சிறு பை. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டவை. முட்டை வெளியேற, இவற்றில் ஒன்றாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டரை எட்டியாக வேண்டும். அது ஏன் நடக்கவில்லை என்று பார்க்க, பையின் சுவருக்குள் போவோம்.

[திரையில்: ஃபாலிக்கிளின் குறுக்குவெட்டு. வெளி அடுக்கு ஆரஞ்சு, உள் அடுக்கு நீலம், நடுவே முட்டை.]

வெளியே தீக்கா செல்கள். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் ஹார்மோன் வந்தால் இவை ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன், தயாரிக்கும். உள்ளே கிரானுலோசா செல்கள். இவை அதே சுரப்பியின் எஃப்எஸ்எச் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு, அரோமடேஸ் நொதியின் உதவியால் அந்த ஆண்ட்ரோஜனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். முட்டைக்கு ஊட்டுவதும் இவைதான். முட்டையால் குளுக்கோஸைத் தானாகச் சரிவரப் பயன்படுத்த முடியாது. பக்கத்துச் செல்கள் அதைப் பைருவேட்டாக உடைத்துக் கொடுக்க வேண்டும். கிரானுலோசா செல் சோர்ந்தால் முட்டைக்குப் பட்டினி.

[திரையில்: நீலச் செல் ஒன்று பெரிதாகிறது. உள்ளே மைட்டோகாண்ட்ரியா.]

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகும். வழியில் கொஞ்சம் கசியும். கசிந்தது ஆக்சிஜனோடு ஒட்டினால் சூப்பர்ஆக்சைடு, அதாவது எதனோடும் சட்டென வினைபுரியும் ஆக்சிஜன். இது எல்லா உடம்பிலும் எந்நேரமும் நடப்பது. சுத்தம் செய்ய இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் எஸ்ஓடி நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். இரண்டாம் படியில் கேட்டலேஸும், செல்லின் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளுட்டாதயோனைச் செலவழிக்கும் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கும். இரண்டாம் படி பின்தங்கினால் பெராக்சைடு தேங்கும். வரவு கூடி, துப்புரவு ஈடுகொடுக்காத இந்த நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

பிசிஓஎஸ் உள்ள பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்த பல ஆய்வுகளில் குளுட்டாதயோன் குறைந்திருக்கிறது. கொழுப்பு சிதைந்ததற்கு அடையாளமான மாலோன்டையால்டிஹைடு கூடியிருக்கிறது. எஸ்ஓடியும் கூடியிருக்கிறது. அதைக் கண்டு பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். சுமை ஏறியதால் உடல் கூடுதல் ஆள் போட்டிருக்கிறது என்றுதான் இதைப் பொதுவாக வாசிக்கிறார்கள்.

அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது?

[திரையில்: வட்டமாகச் சுழலும் அம்புக்குறிகள்.]

பெரும்பங்கு இன்சுலினிடமிருந்து. தசை இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. தீக்கா செல்லோ அந்தக் கூடுதல் இன்சுலினை நன்றாகவே கேட்டு, ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. கல்லீரலில் எஸ்எச்பிஜி என்ற பிணைப்புப் புரதம் குறைவதால், கட்டில்லாமல் உலவும் டெஸ்டோஸ்டிரோனும் ஏறுகிறது. கிரானுலோசா செல்லில் நடப்பது இதைவிடப் பாதகமானது. ஃபாலிக்கிள் சுமார் 10 மில்லிமீட்டர் ஆன பிறகுதான் இச்செல்கள் எல்எச்சுக்குப் பதில் சொல்லத் தொடங்க வேண்டும். மிகை இன்சுலின் துணையோடு அது முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. பிஞ்சிலேயே பழுத்த கதை: வளர்ச்சி அங்கேயே நிற்கும்.

இதற்குமேல் ஆக்சிஜனேற்றச் சேதம். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு ஓட்டையாகி சைட்டோகுரோம் சி வெளியே வந்தால், காஸ்பேஸ் 9, பிறகு காஸ்பேஸ் 3 என்று நொதிகள் வரிசையாக விழித்து, செல் தன்னையே அழித்துக்கொள்ளும். இதே பெராக்சைடு, இன்சுலின் சமிக்ஞையைக் கடத்தும் ஐஆர்எஸ் 1 புரதத்தையும் முடக்குகிறது. இன்சுலின் எதிர்ப்பு மேலும் கூடுகிறது. வட்டம் மூடிக்கொண்டது.

அப்படியானால் இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டால் போதுமே? இங்கேதான் நிதானம் வேண்டும். எல்எச் உச்சத்தில் முட்டை வெளியேறுவதற்கே இந்த வினைபுரி ஆக்சிஜன் கொஞ்சம் தேவை. எலிகளின் சினைப்பைக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தபோது முட்டை வெளியேறுவது தடைபட்டது. என்-அசிட்டைல் சிஸ்டீன், வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10 போன்றவை சில சிறிய ஆய்வுகளில் ரத்த அளவுகளைச் சீராக்கியுள்ளன. ஆனால் ரத்த அளவு சீரானதும் கரு தங்கியதும் ஒன்றல்ல.

வட்டத்தை இன்சுலின் முனையில் அறுப்பதுதான் பலன் தரும். வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. கூடவே, அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், வாரத்தில் 2 நாள் தசைப்பயிற்சி. சுருங்கும் தசை, இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் இதற்கு இத்தனை முக்கியத்துவம். இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை மருத்துவர் தந்தால், வழக்கமாக 500 மில்லிகிராமில் தொடங்கி 1 அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். சட்டென்று ஏற்றினால் வயிறு புரட்டும், பேதியாகும். நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையக்கூடும், பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்காக முட்டையை வெளியேறச் செய்ய முதல் தேர்வு லெட்ரோசோல். அது அரோமடேஸைத் தற்காலிகமாகத் தடுத்து, எஃப்எஸ்எச்சைக் கூட்டி, நின்றுபோன ஃபாலிக்கிளைத் தள்ளிவிடுகிறது.

[திரையில்: பரிசோதனைச் சீட்டு.]

ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கென்று தனிப் பரிசோதனை எடுக்க வேண்டாம். நோயைக் கண்டறிய அது பயன்படாது. தாறுமாறான மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகை, ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள்கள்: இந்த 3-இல் 2 இருந்து, தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் விலக்கப்பட்டால் பிசிஓஎஸ். 2023 சர்வதேச வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதில், சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் போதும். பதின்வயதினருக்கு இரண்டுமே பொருந்தாது. சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நம்பகமானது.

வளரத் தொடங்கிய ஃபாலிக்கிள் முழுமை பெறவே ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஆகவே பயிற்சியின் பலனை 2 வாரத்தில் தேடாதீர்கள். ஆனால் 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் இல்லாமல் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதை உதிரச் செய்ய மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.