பக்கத்து இலைக்குப் போன சோறு

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். நாட்பட்ட களைப்பு நோய் ஆய்வுக்கு அரசு பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று கேள்வி கேட்டார். 'களைப்பு யாருக்குத்தான் இல்லை? அமெரிக்க அரசு இத்தனை வருடம் கொடுத்து என்ன கிடைத்தது? மருந்துக் கம்பெனிகள் எதற்கு இருக்கின்றன?'

முதல் கேள்விக்கு என் அக்காதான் பதில். ஒரு காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் போய்விட்டது, அவள் எழவில்லை. தலை பின்ன உட்கார்ந்தால் பாதிப் பின்னலில் கை தொய்ந்து விழும். சீப்பு மடியில் கிடக்க, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மீதியை அம்மா வந்து பின்னிவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் ஒரு மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். 'நல்லாத்தானே இருக்கா' என்றார்கள். அதற்கடுத்த பத்து நாள், ஜன்னலில் போர்வை கட்டிய இருட்டறையில் அவள் கிடந்ததை யார் பார்த்தார்கள்? சிறு உழைப்புக்கும் பிறகு வந்து ஆளைச் சாய்க்கிற இந்தச் சரிவுதான் நோயின் முக்கிய அடையாளம் என்று அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' 2015இல் கொடுத்த அறிக்கையே சொல்கிறது. தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பா ஐயா இது?

அடுத்து, கொடுத்த கதை. 1980களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கரை ஊரில் பலர் இப்படிப் படுத்தார்கள். 1988இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்குப் பெயர் வைத்தது. பெயர் வைத்தவர்கள் செய்ததைக் கேளுங்கள். 1995 முதல் 1998 வரை இந்த நோயின் கணக்கில் எழுதிய தொகை 2 கோடியே 27 லட்சம் டாலர். 1999இல் தணிக்கை செய்தால், அதில் 88 லட்சம் வேறு வேலைகளுக்குப் போயிருக்கிறது! இன்னும் 41 லட்சத்துக்கு ஒழுங்கான கணக்கே இல்லை! இதை வெளியே சொன்னவர், அங்கேயே இந்த ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் ரீவ்ஸ். அந்த மனிதருக்கு என் வணக்கம். பிறகு மையம் மன்னிப்புக் கேட்டது, பணத்தையும் திருப்பி ஒதுக்கியது. பசித்தவன் பெயரில் சோறு வாங்கிப் பக்கத்து இலையில் பரிமாறிவிட்டு, 'இவனுக்கு எவ்வளவு போட்டாலும் உடம்பு தேறவில்லை' என்பது நியாயமா?

அதே 2015 அறிக்கை, அமெரிக்காவில் நோயாளிகள் 25 லட்சம் பேர் வரை இருக்கலாம், நாட்டுக்கு ஆண்டு இழப்பு 1,700 முதல் 2,400 கோடி டாலர் என்கிறது. அதன் பிறகும் மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கிற அந்நாட்டு அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கு ஆண்டுக்குக் கொடுத்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர்தான்.

கம்பெனி வருமா? நோயை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாதபோது யாரை நம்பி முதல் போடுவான்? பிரிட்டனில் 2020இல் பொதுப்பணம் 32 லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை 2025இல் முதற்கட்ட முடிவாகச் சொன்னார்கள். அரசு இறங்கியதால் கிடைத்தது இது.

என் அக்காவிடம் எத்தனையோ முறை ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் 'எல்லாம் நார்மல்'. அந்த ரத்தத்தில் எதைத் தேட வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் நடுவர் அவர்களே, நான் பணம் கேட்கிறேன்.