நிற்கிற வண்டிக்கு எத்தனை கிராம்?

(குரோம்பேட்டையில் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, மேடையில் இடமில்லாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் தலைவர்களே (யாரையாவது விட்டிருந்தால் செயலாளரைக் கேளுங்கள், சீட்டு எழுதித் தந்தவர் அவர்தான்), பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். சால்வை வேண்டாம், அந்தக் காசில் துண்டறிக்கை அடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். போர்த்திவிட்டார்கள். சரி, நன்றி.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். வண்டிப் புகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு டிராஃபிக்கில் எங்கே உதைக்கிறது, அப்புறம் டயரும் பிரேக்கும் தேய்ந்து கிளம்புகிற தூசி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் காற்றில் போடுகிறோம். அளக்கிறோமா?

என் மச்சான் ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். கிக்கரை உதைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். புகைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, போலீஸ் பிடித்தால் அபராதம் என்று ஒருநாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நேராகப் புகை சோதிக்கும் இடத்துக்குப் போகவில்லை, முதலில் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் பீடியை வாயில் வைத்தபடியே கார்புரேட்டரில் ஒரு திருகை லேசாகத் திருப்பினார். "அண்ணே, இப்ப போய் காட்டிட்டு வாங்க, முறுக்காதீங்க, நின்னுடும்" என்றார். போனோம். அங்கே இருந்த பையன் சைலன்சருக்குள் குழாயைச் செருகினான், கம்ப்யூட்டரில் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு, ஹைட்ரோகார்பன் இவ்வளவு என்று வந்தது, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தான், பாஸ். மச்சானுக்கு முகமெல்லாம் பல். பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. "மாப்பிள்ளை, பிக்கப்பே இல்லையே" என்று அதே மெக்கானிக்கிடம் திரும்பவும் போய், திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, பழைய புகையோடு வீட்டுக்கு வந்தோம். சான்றிதழ் பத்திரமாக டிக்கியில் இருக்கிறது. சிரிக்கிறீர்கள், உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே கதைதான்.

அந்தச் சோதனையில் வண்டி அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை அது அளப்பதில்லை, நுண்தூசியையும் அளப்பதில்லை.

நகரத்துக்கு மொத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைமேல் ஓடவிட்டு, கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு எண் எடுக்கிறார்கள். சாலையில் போகும் வண்டிகளை எண்ணி, அவை ஓடும் தூரத்தால் பெருக்கி, அந்த எண்ணாலும் பெருக்கினால் விடை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தையன்று நிற்கிற கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? பூஜ்யம். பூஜ்யத்தால் பெருக்கினால் புகையும் பூஜ்யம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, கணக்கில் மட்டும் அந்த வண்டி ரிஷிகேசத்தில் தவமிருக்கிறது.

நின்று, சட்டென்று முறுக்கி, பத்தடி போய், மறுபடி நிற்கும்போதுதான் புகை எகிறும். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மூவ்ஸ் மென்பொருள் விநாடிக்கு விநாடி எஞ்சின் படும்பாட்டை வைத்துக் கணக்கிடுகிறது, நிற்பதற்கே தனிக் கட்டம் இருக்கிறது. வண்டியிலேயே கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டி அளக்கலாம். அப்படி அளந்ததில் கிளம்பிய சந்தேகம்தான் 2015-இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியாக வெடித்தது; சோதனையில் மட்டும் புகை குறையும்படி அந்த கார் நிறுவனம் மென்பொருள் வைத்திருந்தது. நம் நாட்டிலும் புதுக் கார்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து சாலைச் சோதனை வந்துவிட்டது. ஆலந்தூர் பஸ் டிப்போவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எந்த வண்டி போட்டது என்று சொல்லாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, யார் போட்டார்கள் என்றும் எழுதி வை!

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், பஸ்தான். தலைவர் சிரிக்கிறார், இவன் எங்கே பேசினாலும் பஸ்ஸில்தான் போய் நிற்பான் என்று. பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் பஸ்ஸில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. புகைபோக்கி நன்றாகச் சூடாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், சுமார் 200 டிகிரிக்குக் கீழே போனால் படுத்துவிடும். ஆக, லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய சுத்தமான பஸ்ஸை, ஆளுக்கொரு கார் எடுத்து வந்தவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகவைத்து, நாமே அழுக்காக்குகிறோம். அறுபது பேரோடு நிற்கிற பஸ்ஸும் ஒருவரோடு நிற்கிற காரும் எண்ணிக்கையில் ஒவ்வொரு வண்டிதானாம், இது என்ன நியாயம்? தலைக்கு எத்தனை கிராம் என்று போடுங்கள், அப்போது தெரியும். வியாசர்பாடியிலிருந்து 2025-இல் மின்சார பஸ் ஓட ஆரம்பித்தது, மகிழ்ச்சி. ஆனால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் வேண்டும். டெல்லியில் போட்டதை 2016-இல் பிடுங்கி எறிந்தார்களே என்று கேட்கலாம். அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறதே!

டயர், பிரேக் தூசி பாக்கி இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அது அடுத்த கூட்டத்துக்கு. மாமன்ற உறுப்பினர் அம்மா கையிலேயே கொடுக்க மனு தயார், வாசல் மேசையில் இருக்கிறது. காபி அதற்கு அடுத்த மேசையில். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போங்கள்.