பாறையில் ஒரு சிவப்புக் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாள். குடும்பத்தோடு மலைப்பாதையில் நடக்கிறீர்கள். தூறல் போடுகிறது, ஒரு பாறைக் குடைவுக்குள் ஒதுங்குகிறீர்கள். "அப்பா, இங்க யாரோ மாடு வரைஞ்சிருக்காங்க" என்று பிள்ளை கைகாட்டுகிறது. நீலகிரியில் இது நடக்கக்கூடியதுதான். கீழ்க்கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் கரிக்கையூர்ப் பொறிவரையில் மாடும் மனிதருமாகப் பாறைச் சுவரே ஓவியமாக இருக்கிறது. வெள்ளரிக்கொம்பைப் பக்கம் குறும்பர் பழங்குடியினர் எழுத்துப்பாறை என்று சொல்லும் இடம் இருக்கிறது. பெயர் வாங்கிய இடங்கள் இவை. பெயர் வாங்காத ஒன்று உங்கள் எதிரே வந்து நின்றால் முதல் கால் மணி நேரம் என்ன செய்வது? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், அது ஓவியம்தானா என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஏழெட்டு முறை ஏமாற்றம்தான் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். நீலகிரியும் பழனிமலையும் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கருங்கல் வகையால் ஆனவை. அந்தக் கல்லில் இரும்பு உண்டு. கல் இற்றுப்போகும்போது இரும்பு துருவாகி, மழைநீரோடு வழிந்து செங்கோடு போடும். அப்படி வந்த கறை மேலிருந்து கீழாகவே ஓடும், வெடிப்பை ஒட்டியே போகும், ஓரம் கரைந்து மங்கும். கை தீட்டிய கோடு அப்படி இருக்காது. ஏறக்குறைய ஒரு விரல் அகலத்தில், ஒரே கனத்தில் வளையும், குறுக்கே போகும், முனை சட்டென்று முடியும். வெடிப்பைத் தாண்டியும் போகும். அடுத்து ஏமாற்றுவது பாறைப்பாசி. ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாகப் படரும். பக்கவாட்டில் பார்த்தால் கல்லைவிட்டுச் சற்று மேலெழும்பி, ஓரம் சுருங்கியிருக்கும். சாயம் எழும்பாது, கல்லோடு கல்லாகக் கிடக்கும்.

இடமும் துப்புச் சொல்லும். மழைச்சாரல் படாத உட்சுவரில், ஆள் நின்றோ உட்கார்ந்தோ கை எட்டும் உயரத்தில் இருந்தால் நம்பிக்கை கூடும். சிவப்பு என்றால் செங்காவி, அதாவது இரும்புத்தாது கலந்த மண். வெள்ளை என்றால் வெண்களிமண்ணோ சுண்ணாம்போ. ஒன்றின்மேல் ஒன்று தீட்டியிருந்தால் எது மேலே, எது அடியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். எது முந்தியது என்று சொல்ல அந்த ஒரு குறிப்பு போதும். "எத்தனை வருஷத்துக்கு முந்தியதுங்க?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். செங்காவி வெறும் தாது. கார்பன் முறையில் காலம் காண அதில் உயிர்ப்பொருள் இருப்பதில்லை. ஆகவே குதிரைமேல் ஆள் இருக்கிறாரா, கையில் என்ன ஆயுதம் என்று உருவங்களை வைத்துத்தான் கணிக்கிறார்கள். யாராவது ஆண்டுக்கணக்கை அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இனி கெடுதல் நடக்கும் இடம். படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பாட்டில் தண்ணீரை எடுத்துத் தெளிப்பார்கள். அந்த நொடியில் நிறம் பளிச்சென்று தூக்கிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, அங்கிருக்கும் உப்பைக் கரைக்கிறது. காயும்போது அந்த உப்பு மேலே வந்து, சாயத்துக்கு அடியில் படிகமாக உறைந்து தள்ளும். சாயம் செதிலாக உதிரும். உதிராவிட்டால் வெண்படலமாகப் படிந்து மூடும். அடுத்த குடும்பம் வந்து இன்னும் மங்கலாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றும். உருவத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவதும் அப்படித்தான், தூள் கல்லின் துளைகளில் அடைந்துகொண்டால் எடுக்க முடியாது. பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து நகலெடுக்கவும் கூடாது, உரசலில் சாயம் பெயர்ந்து வரும். கைவிரலின் எண்ணெயும் வியர்வையும் ஒட்டும். குடைவுக்குள் அடுப்பு மூட்டி டீ போட்டால் புகைக்கரி போய்ப் படியும். அரை மீட்டர் தள்ளி நில்லுங்கள், முதுகுப்பையைக் கழற்றி வெளியே வையுங்கள். ஓவியத்தை உரசுவது பெரும்பாலும் கை அல்ல, திரும்பும்போது இடிக்கும் பைதான்.

போட்டோ எடுக்கலாம், நன்றாகவே எடுக்கலாம். ஓவியத்துக்கு நேர்வெயில் வேண்டாம், சீரான நிழல் வேண்டும். பாதிச் சுவரில் வெயில் விழுந்தால் ஒருவர் குடையை விரித்துப் பிடிக்கட்டும். ஃபிளாஷ் போட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பார்கள். இரும்புத்தாது அதற்கெல்லாம் அசையாது. ஆனாலும் போடாதீர்கள், கல் மினுங்கிப் படம் தட்டையாகிவிடும். மூன்று படம் எடுத்தால் போதும். சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று, சுவர் முழுக்கத் தெரிய ஒன்று, உருவத்துக்கு அருகே ஒன்று. அருகே எடுக்கும்போது செல்போன் சுவருக்கு இணையாக இருக்கட்டும். பிள்ளையின் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலையும் ஒரு துண்டு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் கையில் பிடித்துக் காட்டுங்கள். ஸ்கேல் அளவைச் சொல்லும், தாள் நிறத்தைத் திருத்த உதவும். கல்லில் ஒட்டாதீர்கள், சாய்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் வேலை இருக்கிறது. டி-ஸ்ட்ரெச் என்று ஒரு மென்பொருள், ஜான் ஹார்மன் என்பவர் பாறை ஓவியத்துக்கென்றே உருவாக்கியது. மங்கிய சிவப்பைப் பிரித்தெடுத்துக் காட்டும். கண்ணுக்கு ஒரு காலாகத் தெரிந்தது அதில் முழு மாடாக எழுந்து நிற்கும். தண்ணீர் ஊற்றாமலே வேலை முடிகிறது. ஒரு எச்சரிக்கை: பாசியையும் துருவையும்கூட அது நிறம் கூட்டித்தான் காட்டும். வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய படத்தைக் கொடுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதை ஓவியம் என்று நினைத்துவிடக் கூடாது. செல்போனிலிருந்து நேராக எடுத்த அசல் படத்தையே கொடுங்கள்.

தீட்டிய படம் மட்டும்தானா? செதுக்கியதும் உண்டு. மூன்று பக்கம் பலகைக்கல் நட்டு, மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகள் நீலகிரி, பழனி இரண்டு மலையிலும் இருக்கின்றன. குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்றெல்லாம் மக்கள் சொல்வது இவற்றைத்தான். பழனிமலையில் தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் உருவமில்லாத வெறும் கல். கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவற்றை அளந்து எழுதியது 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. நீலகிரியின் கற்திட்டைகள் சிலவற்றிலோ உள்பக்கம் வீரக்கல், அதாவது சண்டையில் இறந்த வீரனின் நினைவாக எடுத்த நடுகல் சிற்பங்கள் உண்டு. நீலகிரியில் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் 1873ஆம் ஆண்டு நூலிலேயே மேலூர், சோலூர்ச் சிற்பங்கள் வந்துவிட்டன.

இவற்றைப் பார்க்க உச்சிவெயில் உதவாது. டார்ச்சைக் கல்லோடு கல்லாகச் சாய்த்து, பக்கவாட்டில் ஒளி விடுங்கள். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம். வெறும் கல் என்று நினைத்ததில் குதிரையின் கழுத்து எழும்பும். வீரக்கல்லைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சண்டை, நடுவில் வீரனை அழைத்துச் செல்லும் தேவமாதர், உச்சியில் இலிங்கம், சூரியன், சந்திரன். எல்லாக் கல்லிலும் மூன்று தட்டும் இருக்காது. மஞ்சள், எண்ணெய், குங்குமம் இருந்தால் அது வழிபாட்டில் இருக்கும் கல். துடைக்காதீர்கள். உள்ளே உருண்டைக் கூழாங்கல் கிடந்தால் அதுவும் யாரோ வைத்த காணிக்கையாக இருக்கலாம். பிள்ளைகள் ஞாபகத்துக்கு என்று எடுத்துப் பையில் போடுவது பெரும்பாலும் அதைத்தான்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓவியம் இருக்கும் குடைபாறையும் மலைத்தேன் கட்டும் பாறையும் பல இடங்களில் ஒன்றே. மழை படாத மறைவு ஓவியம் தீட்டியவருக்கும் தேனீக்கும் வேண்டுமல்லவா! உள்ளே போகுமுன் அண்ணாந்து பாருங்கள். கருத்த அடை தொங்கினால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். சென்ட், புகை, கூச்சல் மூன்றும் பெருந்தேனீக்கு ஆகாது. இருண்ட பொந்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நுழையவும் வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் அது கரடியின் வீடாக இருக்கலாம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். முறையாகப் போக வழி இருக்கிறது. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கியது, கரிக்கையூர்–பொறிவரை அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் ஊர்க்காரர் ஒருவரே வழிகாட்டியாக வருவார். அவரிடம் பாறையின் பெயரைக் கேளுங்கள். எழுத்துப்பாறை, பொறிவரை என்று பெயரிலேயே ஓவியம் இருக்கிறது பாருங்கள். பெயரை அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தி எழுத வேண்டாம்.

புதிதாக ஏதும் கண்டால் முகநூலில் போடத்தான் கை துறுதுறுக்கும். படம் போடலாம், இடம் போடாதீர்கள். செல்போனில் லொகேஷன் குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். இடம் பரவிய பாறைகளில் அடுத்து வருவது கரிக்கட்டையில் எழுதிய பெயரும் அம்பு துளைத்த இதயமும்தான். இடத்தை மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் மட்டும் சொல்லுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். பார்த்த தேதி, அருகிலுள்ள ஊர், அங்கிருந்து நடந்த நேரம், செல்போன் காட்டிய அட்சரேகை தீர்க்கரேகை, சுவர் எந்தத் திசை பார்க்கிறது, எந்த நிறம், எத்தனை உருவம். கூடவே அந்த மூன்று படம். உருவங்களைப் பிள்ளை பென்சிலால் நோட்டில் பார்த்து வரைந்திருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். படத்தில் விழாத கோட்டைப் பிள்ளைகளின் கண் பிடித்திருக்கும்.

வணக்கம்.