குளவிக்கு ஆதரவாக ஒரு பேச்சு

அனைவருக்கும் வணக்கம். கொழுந்து பறிக்கும் அக்காமார் முன்னால் குளவியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அடிதான் விழும். கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் இல்லாத தோட்டம் ஏது? ஆனாலும் நான் பேச வந்தது ஒரு குளவிக்கு ஆதரவாகத்தான். பயப்படாதீர்கள், இது வேறு இனம். மிகச் சின்னது, நம்மைத் தேடி வராது.

தேயிலை இலைகளை நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் இருந்துகொண்டே தின்னும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதை அடக்குவதற்காக 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து நம் இலங்கைத் தோட்டங்களுக்கு இந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சு, புழுவை உள்ளேயிருந்தே தின்று வளரும். கேட்க அருவருப்பாக இருக்கிறது, சரி. ஆனால் புழு அடங்கியது. குளவி சம்பள உயர்வும் கேட்கவில்லை, துரைமாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

அப்புறம் 1950களில் வேறொரு தலைவலி. தேயிலைக் கிளையைத் துளைக்கும் ஒரு குட்டி வண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் பூஞ்சணம் வளர்த்து அதைத்தான் தின்கிறது. துளை விழுந்த கிளையோ கை பட்டாலே ஒடியும். வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அதோடு, அடங்கிக் கிடந்த இலைப்புழு மறுபடி பெருகியது. மருந்து குளவியைத்தான் முதலில் தீர்த்திருந்தது. இலை மடிப்புக்குள் ஒளிந்திருந்த புழு தப்பிவிட்டது, வெளியே பறந்து திரிந்த குளவிக்கு ஒளிய இடமில்லை.

காட்டில் இப்படி ஒரே பூச்சி திடீரென்று மலையையே மூடுவது அபூர்வம். பல மரம், பல பூச்சி, அவற்றைத் தின்னப் பல வாய். நாமோ அடிவாரம் முதல் உச்சி வரை ஒரே செடியை நட்டிருக்கிறோம். முன்பு இங்கே கோப்பியும் அப்படித்தான் நின்றது. 1869இல் இலையில் ஆரஞ்சுப் பொடியாக வந்த துரு நோய், அடுத்த செடியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் போய், நம் முன்னோர் தேயிலை நடும் வேலைக்கு மாறினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, நமக்கென்ன என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். காட்டோரத்தில் காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பது யார்? நாம்தான். மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பன்றியின் மேல் கோபம் வருவது நியாயம். இரவில் காவல் இருந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் கம்பிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. 2020இல் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை. காட்டில் அந்தப் பன்றியைப் பிடித்துத் தின்னும் பிராணிகளில் சிறுத்தையும் ஒன்று.