எலியின் ஈரலில் உறங்கிய செல்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பில் உள்ள கட்டி அல்ல. அங்கிருந்து எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்ச் சேருகிற செல்கள்தான். அவை எப்படிப் போகின்றன என்று மருத்துவர் நம்புகிறாரோ, அதற்கேற்பத்தான் கத்தியும் போகும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் ஒரு கணக்குப் போட்டார். நோய் மார்பிலிருந்து அக்குளில் உள்ள நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், அப்புறம்தான் அதைத் தாண்டும் என்றார். சரி, அதற்குள் வேரோடு பிடுங்கிவிடலாம் அல்லவா? மார்பகம், அடியிலுள்ள நெஞ்சுத் தசை, அக்குள் நெறிகள் என்று மொத்தமாக எடுத்தார்கள். தோலுக்கடியில் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கி, சட்டைக்குள் நுழையாது. பல பத்தாண்டுகள் பெண்கள் இதைத் தாங்கினார்கள். நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர்தான் அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தார். 1950களின் இறுதியில் அவரும் நோய்க்கூறியல் அறிஞரான அவர் தம்பி எட்வினும், ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் ஒவ்வோர் எலிக்கும் வெறும் 50 புற்றுச் செல்களைச் செலுத்தினார்கள். 5 மாதம் கழித்துப் பார்த்தால் ஈரல் சுத்தமாக இருந்தது. ஆனால் வயிற்றைத் திரும்பத் திரும்பத் திறந்து ஈரலைத் தொட்டுப் பார்த்த எலிகளுக்கோ கட்டி முளைத்தது! செல்கள் சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தன. நெறிகளும் அவற்றைத் தடுத்து நிறுத்தும் அணை அல்ல என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே செல்கள் இரத்தத்தில் கிளம்பியிருக்கலாம். அப்படிக் கிளம்பியவற்றைப் பெரிய கத்தியால் எப்படிப் பிடிப்பது?

எலியில் கண்டதைப் பெண்களிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1971இல் தொடங்கிய ஆய்வில், தசையோடு எடுத்தவர்களும் மார்பகம் மட்டும் எடுத்தவர்களும் 25 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். அடுத்து 1976இல் தொடங்கியது 1,851 பெண்களின் ஆய்வு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பகத்தை எடுத்தாலும், 20 ஆண்டு ஆயுள் கணக்கில் வேறுபாடில்லை. சக மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கு நடுவே ஃபிஷர் இதைச் செய்தார். குலுக்கல் முறையில் தங்களுக்கு விழுந்த சிகிச்சைக்குச் சம்மதித்த அந்தப் பெண்களை நான் அவருக்குச் சமமாக வைக்கிறேன்.

கட்டியை எடுத்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, அப்புறம் எதற்கு 5 வருஷம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை என்று பலர் கேட்கிறார்கள். அந்த எலியின் ஈரலும் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, அம்மா. மாத்திரை, இன்னும் விழிக்காத செல்களுக்காக.